சங்கிலி இருந்த இடத்தில்: மனநலச் செவிலியத்தின் அடிப்படை



மனநோயாளரைப் பேணும் செவிலியரின் கடமைகள் யாவை என்பதைப் பாடநூல்கள் நிரல்படக் கூறியிருக்கின்றன. மாணவர்கள் அவற்றை மனப்பாடமாகவே அறிவார்கள். ஆதலால், அக்கடமைகள் அனைத்துக்கும் வேராக நான் கருதும் ஒன்றை மட்டுமே இந்த நினைவுச் சொற்பொழிவில் எடுத்துரைக்க விழைகிறேன். நோயாளியின் காலிலிருந்து சங்கிலியை அகற்றுவது சட்டத்தாலும் ஆணையாலும் ஆகக்கூடிய காரியம். அகற்றிய இடத்தில் பொறுப்புள்ள ஓர் ஆள் இருப்பதே செவிலியம்.

தாமிரபரணிக் கரையிலும் அதனையொட்டிய சீமையிலும், சித்தம் கலங்கினவரை வீட்டார் எங்கெங்கே அழைத்துச் செல்வர் என்பது இந்தச் சபையிலுள்ளோர்க்குத் தெரியாததன்று. குற்றாலத்து அருவியில் தலையைக் காட்டுவிப்பார்கள். பொட்டல்புதூர் பள்ளிவாசலிலும் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலிலும் நேர்ந்துகொண்டு தங்குவார்கள். கழனிக்குப் போயே தீரவேண்டிய ஒரு தாய், மகனைத் திண்ணைத் தூணோடு பிணைத்துவிட்டுப் போவாளாயின், அது பெரும்பாலும் கொடுமையினால் விளைந்ததன்று. பார்த்துக்கொள்ள ஆளில்லாமையினால் விளைந்தது. வீட்டில் அவ்வாறு தோன்றும் சங்கிலியே ஸ்தாபனங்களிலும் வழக்கமாக நிலைபெற்றது. 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பற்றியபோது, பிணைப்புண்டு கிடந்தமையால் எழுந்தோட மாட்டாமல் மாண்ட மனநோயாளர் 28 பேர். காவலுக்கு ஆள் இல்லாத இடத்தில் காவலாக வைத்த இரும்பு, ஆபத்து நேர்ந்தபொழுது ஒருவரையும் எழுப்பி வெளியேற்றவில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 95ஆம் பிரிவில், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தலாகாது என்று விலக்கியிருக்கிறது. உடனடியான தீங்கைத் தடுக்க வேறு மார்க்கமே இல்லாதபோது மாத்திரம், மருத்துவரின் அனுமதியோடும் கண்காணிப்போடும், தேவைக்கு மேல் ஒரு கணமும் நீளாமல் ஒருவரைக் கட்டுப்படுத்தலாம் என்றும், தண்டனைக்காகவோ பணியாளர் குறைவு என்ற காரணத்துக்காகவோ அது கூடாது என்றும் 97ஆம் பிரிவு விதிக்கிறது. இவற்றுள் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது இறுதியில் நிற்கும் விதியே; ஏனெனில், ஆளின்மைதான் சங்கிலியின் பிறப்பிடம் என்பதைச் சட்டமே அதில் ஒப்புக்கொண்டுவிட்டது.

பாரிஸ் நகரத்துப் பிசேத்ர் மருத்துவமனையில் விலங்குகளைத் தறித்த பெருமையைப் பினெல் என்ற மருத்துவர்மீது ஏற்றிச் சொல்வது வழக்கம். உண்மையில், 1797இல் அங்கே அதைச் செய்தவர், கண்டமாலை நோயாளியாக அம்மருத்துவமனைக்குள் வந்து, பின்னர் அங்கேயே பணியேற்று, மனநோயாளர் பகுதியின் மேற்பார்வையாளராக உயர்ந்த பூசேன் என்பவர். தாம் அவரிடம் கற்றதைப் பினெலும் மறைத்தாரில்லை. இரவும் பகலும் உடனிருந்தவருக்கே சங்கிலி எங்கே அநாவசியம் என்பது புலப்பட்டது.

உடனிருத்தல் என்றால் சும்மா இருத்தலன்று. சோற்றில் விஷம் கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளும் ஒருவரிடம், இல்லை என்று வாதிட்டால் செவிலியரும் சதிகாரரில் ஒருவராகிவிடுவார். ஆமாம் என்று தலையசைத்தால் பிரமைக்குச் சாட்சியாகிவிடுவார். "உங்களுக்குப் பயமாயிருக்கிறது என்பது தெரிகிறது, ஐயா" என்று சொல்லி, தோலுரிக்காத வாழைப்பழத்தையும் ஓட்டோடு அவித்த முட்டையையும் அவர் கையிலேயே கொடுத்து, அவரே உரித்து உண்ணும்வரை அருகில் அமர்ந்திருப்பவரே தேர்ந்த செவிலியர். பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று சொன்னால் அவர் பத்து நிமிஷத்தில் வந்துவிடுவார். உலகத்தில் எதையும் நம்பமுடியாதென்று அஞ்சுகிறவருக்கு அந்தச் சிறு வாக்குறுதியின் நிறைவேற்றமே முதற்பிடியாகும். 1952இல் ஹில்டெகார்டு பெப்லாவ் என்ற அமெரிக்கச் செவிலியர், செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே சிகிச்சையின் கருவி என்று ஒரு நூலாகவே எழுதி நிலைநாட்டியது இதைத்தான்.

கண்காணிப்பின் நுட்பத்துக்கும் ஒன்று சொல்கிறேன். ஹாலோபெரிடால் போன்ற மருந்து தொடங்கிய முதற்சில நாட்களுக்குள், சிலருக்குக் கழுத்து ஒருபுறம் முறுக்கிக்கொள்ளும், தாடை இறுகும், கண்கள் மேலே செருகி நின்றுவிடும். கோயில் கொடைகளில் சாமியாடுவோரைக் கண்டு பழகிய நம்மூர் உறவினர், சாமியோ பேயோ வந்திறங்கிவிட்டது என்று அலறுவது இயல்பே. அது மருந்தின் விளைவென்று அக்கணமே தெளிந்து, மருத்துவரை அழைத்து, மாற்று ஊசி போடச்செய்து, சற்று நேரத்தில் கழுத்து தளர்வதை அவர்களையே காணச்செய்யும் செவிலியர், நோயாளியின் வேதனையைத் தீர்ப்பதோடு, ஒரு குடும்பம் மருந்தை விட்டோடாமலும் தடுத்துவிடுகிறார். லித்தியம் உட்கொள்பவருக்குச் சித்திரை வெயிலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கைந்நடுக்கமும் கண்டால், வெக்கை என்று விட்டுவிடாமல், மருந்து உடலில் மிகுந்துவிட்டதோ என்று ஐயுறுவதும் அவர் கடமையே.

குடும்பத்தை வாயிலில் நிறுத்திவிட்டு இப்பணியைச் செய்தல் இயலாது. வேலூரை அடுத்த பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் தொடங்கிய காலந்தொட்டே, உறவினர் நோயாளியோடு தங்கியிருக்கும் முறையைக் கைக்கொண்டு வந்திருக்கிறது. செவிலியரிடம் கற்றுக்கொண்டு ஊர் திரும்பும் தாய்க்குத் திண்ணைத் தூணைத் தவிர வேறு உபாயங்களும் கைவசம் இருக்கும்.

ஆகவே, ஒரு மனநலப் பகுதியின் தரத்தை அறிய விரும்புகிறவர்கள் கட்டடத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், இரவுப் பணிப் பட்டியலையும் கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டும். அதில் ஒரே ஒரு பெயர் எழுதியிருக்குமாயின், பரிவு, பொறுமை என்று நாம் அந்தச் செவிலியருக்கு எத்தனை உபதேசம் செய்தாலும் பயனில்லை. உபதேசம் போய்ச்சேர வேண்டிய இடம், பணியிடங்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளின் மேசை. இளஞ்செவிலியர்களே, உங்களிடம் இல்லாத ஆட்களுக்காக வாதாடுவதையும் உங்கள் தொழில் தர்மத்தில் ஒன்றாகக் கொள்ளுங்கள்.