அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது?



நோர்வேயின் ஸ்டோவ்னரில் ஒரு தமிழ் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கணினி ஒன்று, பாவிப்பவர்கள் பலர். பிள்ளை நோர்வேஜிய மொழியில் வீட்டுப்பாடம் செய்யும். அம்மா தன் கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைப்பார். அப்பாவுக்கு யாழ்ப்பாணத்தில் இப்போது எத்தனை மணி என்று தெரியவேண்டும். அந்தக் கணினியில் லினக்ஸ் இருந்தால், இவை எல்லாவற்றிலும் கைவைப்பவை சூழல் மாறிகள் எனப்படும் சின்ன வரிகள்.

ஒரு பெயர், ஒரு சமக்குறி, ஒரு மதிப்பு. அவ்வளவுதான். 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலிருந்து இவை நம்மோடு இருக்கின்றன. நாம் கட்டளை தட்டும் ஷெல், தான் தொடக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் இந்த வரிகளின் பிரதியைக் கொடுத்தனுப்பும். நிரல் தன் பிரதியை மாற்றலாம், அது ஷெல்லைத் தொடாது. ஆனால் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் நீங்கள் எழுதிய வரி, அதற்குப் பிறகு அங்கிருந்து ஓடும் எல்லாவற்றையும் தொடும்.

சிக்கல் இப்படித்தான் வரும். நோர்வேயில் பன்னிரண்டரைக் குரோணரை 12,50 என்று கொமா போட்டு எழுதுவோம். கணினியை நோர்வே வழக்கத்துக்கு மாற்றினால் அதுவும் கொமாவையே எதிர்பார்க்கும். பாஷ் ஷெல்லின் பல பதிப்புகளில் 3.14 என்று புள்ளி வைத்துக் கொடுத்தால், இது எண்ணே இல்லை என்று மறுத்துவிடும். வீட்டுச் செலவைக் கூட்டும் நிரல் நின்றுபோகும். யாரோ ஒருவர் அவசரத்தில் எல்.சி. ஆல் என்ற மாறிக்கு ‘சி’ என்ற மதிப்பைக் கொடுத்துவிடுவார். கணக்கு ஓடத் தொடங்கும், எல்லோருக்கும் நிம்மதி.

அந்த மாறி மற்ற மொழி அமைப்புகள் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ‘சி’ என்பதோ ஆங்கில எழுத்துகளை மட்டும் அறிந்த பழைய உலகம். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் பிடிக்கும். அந்த உலகத்துக்கு அது புரியாது. அம்மாவின் கோப்புப் பெயர்கள் கேள்விக்குறிகளாகவோ எண்களாகவோ சிதறித் தெரியும். அவர் முறையிட, இன்னொருவர் அந்த வரியை அழிப்பார். கணக்கு மறுபடி நிற்கும். எண்ணுக்கு மட்டும் உரிய எல்.சி. நியூமெரிக் என்ற மாறியை மாற்றியிருந்தால் இரண்டு பேருக்கும் வேலை நடந்திருக்கும்.

எந்த நிரல் எந்த மாறியைப் படிக்கும் என்று அதன் கையேட்டிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். உங்கள் வீட்டில் அதை ஏன் மாற்றினீர்கள் என்பது எந்தக் கையேட்டிலும் இராது. அதை நீங்கள்தான் எழுதவேண்டும், அந்த வரிக்கு மேலேயே. # குறி போட்டுத் தொடங்கும் வரியை ஷெல் படிக்காமல் தாண்டிப் போகும், வசதியாகப் போயிற்று. “நோர்வே கொமாவால் செலவுக் கணக்கு நின்றது, அதற்காக மட்டும். நிரலைத் திருத்தியதும் இதை எடுக்கலாம்.” கீழே தேதி. தமிழில் எழுதினாலும் பாதகமில்லை.

நேரத்துக்கு வருவோம். டி.இசட். என்ற மாறியில் கிரீனிச்சிலிருந்து ஐந்தரை மணி வித்தியாசம் என்று எண்ணாக எழுதலாம், ஆசியா/கொழும்பு என்று இடப்பெயராகவும் எழுதலாம். எண்ணாக எழுதினால் கூட்டலும் கழித்தலும் தலைகீழ்: கிரீனிச்சுக்குக் கிழக்கே இருக்கும் நமக்குக் கழித்தல் குறி! இடப்பெயரே மேல். தொண்ணூறுகளில் ஊருக்குத் தொலைபேசி எடுத்தவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும். 1996 மே மாதம், மின்தட்டுப்பாட்டில், இலங்கை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அரைமணி பின்னுக்கு. 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. இடையில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே இருந்ததால், ஒரே தீவில் இரண்டு கடிகாரம். கொழும்பு என்ற பெயரின் பின்னால் அரசு செய்த மாற்றங்கள் தேதியோடு பதிவாகியிருக்கின்றன. வன்னியின் அந்த அரைமணியை அந்தப் பெயர் சொல்லாது. பழைய படங்களின் நேரத்தைச் சரிபார்ப்பவர் அதையும் குறிப்பில் எழுதிவைப்பது நல்லது.

ஒன்று மட்டும் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் வேண்டாம்: கடவுச்சொல். உதவி கேட்கும்போது மாறிகளின் பட்டியலை அப்படியே நகலெடுத்து அனுப்புவது பலருக்கும் பழக்கம். அனுப்பமுன் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை வாசியுங்கள்.