மேடு பள்ளம் இல்லாத சொல்

எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "பிளெயின்னு ஒரு இங்கிலீஷ் சொல் இருக்கு. அழகு குறைஞ்ச பெண்ணை வெள்ளைக்காரன் அப்படித்தான் சொல்லுவான். அதனால பிளெயினா பேசறது அழகில்லாத பேச்சு"ன்னார். கைதட்டினீங்க, நானும்தான் தட்டினேன். ஆனா தம்பி அகராதியில ஒரு வரியோட புத்தகத்தை மூடிட்டாரே!

அந்தச் சொல்லுக்கு வேர் 'பிளானஸ்' என்கிற லத்தீன் சொல். சமமானது, தட்டையானது என்று பொருள். அதனால்தான் சமவெளிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். 'எக்ஸ்பிளெயின்' என்கிறோமே, விளக்கிச் சொல்வது, அதற்கும் வேர் இதுதான். மேட்டை வெட்டி நிரவுவது! வருகிறவன் கால் இடறக்கூடாது, அவ்வளவுதான். இலங்கையில் 'பிளேன்டீ' கேட்டால் பாலில்லாத தேநீர் வரும். பால்தானே இல்லை, தேயிலை இருக்குல்ல?

1948-இல் எர்னஸ்ட் கவர்ஸ் 'பிளெயின் வேர்ட்ஸ்' என்றே ஒரு நூல் எழுதினார். எழுதச் சொன்னது புலவர் சபை இல்லீங்க, பிரிட்டிஷ் நிதித்துறை! அரசு ஊழியர் எழுதுவது சனங்களுக்குப் புரியணுமே என்கிற கவலை. 2010-இல் அமெரிக்காவில் இதற்குச் சட்டமே போட்டார்கள்.

நம்ம ஊர் அடமானப் பத்திரத்தைப் பாருங்க. 'மேற்படியார்', 'ஷெ சொத்து', 'யாதொரு பாத்தியமும்'... முற்றுப்புள்ளிக்கு முன்னால மூச்சு நின்னுடும். கைநாட்டு வைக்கிற அம்மாகிட்ட, "பணம் கட்டலைன்னா வீடு போயிடும்"னு நாலே சொல்லுல சொன்னா, எந்த அழகு கெட்டுப்போகும் தம்பி?