விடைத்தாளில் விட்ட இடங்கள்

(அறிவியல் பட்டதாரி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வு முடிவுகள் எந்தத் திசையில் போகின்றன என்பது பற்றிப் பேசும்படி சொன்னார்கள். நான் கருத்தாளராக இங்கே வரவில்லை. உங்களைப் போல ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள். தாவரவியலில் பட்டம், பிறகு பி.எட். ஆனால் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் நான்கையும் நடத்துகிறேன். இங்கே இருக்கும் பலரின் நிலையும் இதுதான். அதனால் நமக்குள் பேசிக்கொள்வது போலவே பேசுகிறேன்.

முதலில் மாநிலக் கணக்கைப் பார்ப்போம். கொரோனாவால் 2020இலும் 2021இலும் பொதுத்தேர்வு நடக்கவில்லை. 2022இல் மீண்டும் தேர்வு வந்தபோது ஒட்டுமொத்தத் தேர்ச்சி 90.07 விழுக்காடு. 2023இல் 91.39, 2024இல் 91.55, 2025இல் 93.80. அறிவியலை மட்டும் எடுத்துக்கொண்டால் 2023இல் 95.75, 2024இல் 96.72, 2025இல் 97.90. அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி ஒரே ஆண்டில் 87.90இலிருந்து 91.26 ஆனது. மாணவர்களின் தேர்ச்சி 88.58இலிருந்து 91.74 ஆனது. மாணவிகளை விட இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறார்கள் என்றாலும் இடைவெளி குறைந்திருக்கிறது. இதில் நம் எல்லாருடைய உழைப்பும் இருக்கிறது. மாலை நேர வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, வராத பிள்ளையைத் தேடி வீட்டுக்குப் போனது எல்லாம் இந்த எண்களுக்குள் இருக்கின்றன. அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை.

இப்போது நூற்றுக்கு நூறு எடுத்தவர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். அறிவியலில் 2023இல் 3,584 பேர், 2024இல் 5,104 பேர், 2025இல் 10,838 பேர். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. பக்கத்திலேயே கணிதத்தை வைத்துப் பாருங்கள். 2023இல் 3,649. 2024இல் 20,691. 2025இல் 1,996. ஒரே ஆண்டில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அதே இரண்டு ஆண்டுகளில் கணிதத் தேர்ச்சி விழுக்காடு 96.78, 96.57. ஏறக்குறைய அசையவே இல்லை. ஓராண்டில் பிள்ளைகளின் கணித அறிவு இப்படி ஏறி இறங்குமா? வினாத்தாள் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே அறிவியலில் சதம் கூடியதைப் பார்த்து நாம் துள்ளவும் வேண்டாம், நாளை குறைந்தால் துவளவும் வேண்டாம். பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை இந்த எண் நமக்குச் சொல்வதில்லை.

தேர்ச்சி விழுக்காடாவது சொல்கிறதா? அறிவியல் மதிப்பெண் எப்படி உருவாகிறது என்று நமக்குத் தெரியும். செய்முறைக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75. செய்முறையில் 15, எழுத்தில் 20, ஆக மொத்தம் 35 இருந்தால் தேர்ச்சி. 2023இல் என் மாணவன் ஒருவன் செய்முறையில் 25, எழுத்தில் 19 எடுத்தான். மொத்தம் 44. தேர்ச்சி இல்லை. அவன் அப்பா பள்ளிக்கு வந்து, “35 எடுத்தவன் பாஸ், 44 எடுத்த என் பையன் பெயிலா டீச்சர்?” என்று கேட்டார். விதியை விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். போகும்போது, “அப்போ அந்த 25 எதுக்குக் குடுத்தீங்க?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் அந்த ஆண்டு என் வகுப்பில் எல்லாருக்கும் 25தான். சோதனைகளைத் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் நானே மேசையில் செய்து காட்டி, பதிவேட்டை எழுத வைத்து, முழு மதிப்பெண் வாங்கிக் கொடுத்திருந்தேன். பையன் துணைத் தேர்வில் தேறிவிட்டான். அந்தக் கேள்வி மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

எழுத்துத் தேர்வையும் பிரித்துப் பார்ப்போம். ஒரு மதிப்பெண் வினா 12. இரண்டு மதிப்பெண் வினா பத்தில் ஏழு. நான்கு மதிப்பெண் வினா பத்தில் ஏழு. ஏழு மதிப்பெண் வினா மூன்று, அவற்றிலும் ‘அல்லது’ உண்டு. 22ஆவது வினாவும் 32ஆவது வினாவும் கட்டாய வினாக்கள். பெரும்பாலும் கணக்காக வரும். அந்த இரண்டையும் விட்டால் போவது ஆறு மதிப்பெண். மற்ற கணக்குகளைத் தவிர்க்க ‘அல்லது’ இருக்கிறது, விருப்பத் தேர்வு இருக்கிறது. மெல்லக் கற்போர் தேறுவதற்காகத் தரப்பட்ட நல்ல வாய்ப்பு அது. நான் அதை எப்படிப் பயன்படுத்தினேன் தெரியுமா? “கணக்கை விடுங்க, உயிரியலை நல்லாப் படிங்க” என்று வகுப்பு முழுவதற்கும் சொன்னேன். மெல்லக் கற்போருக்கு மட்டும் சொன்னதல்ல. எல்லாருக்கும் சொன்னேன்.

2024இல் எங்கள் பள்ளி அறிவியலில் 100 விழுக்காடு. மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார்கள். அந்த மகிழ்ச்சி ஆகஸ்டு வரை இருந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் மாலை, அந்த ஆண்டு என்னிடம் படித்துத் தேறிய ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். அறிவியலில் 78 எடுத்தவள். நர்ஸ் ஆக வேண்டும் என்று ஏழாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பிரிவில் சேர்ந்திருந்தாள். வணிகவியல் பிரிவுக்கு மாற வேண்டும், பேசி உதவுங்கள் என்று கேட்க வந்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். அவள் என்னைக் குறை சொல்லும் எண்ணத்தில் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்: “டீச்சர், மோல் கணக்கு நமக்கு வேண்டாம்னு விட்டோம்ல? இங்க வேதியியல்ல முதல் பாடமே அதுதான் டீச்சர்.”

பதினொன்றாம் வகுப்பு வேதியியலைப் புரட்டிப் பாருங்கள். முதல் அலகே வேதிக் கணக்கீடுகள். இயற்பியலில் முதல் அலகு அளவீட்டியல். நாம் பத்தாம் வகுப்பில் “ஆறு மதிப்பெண்தானே” என்று விட்ட இடத்திலிருந்துதான் அங்கே பாடம் தொடங்குகிறது. என்னால் முடிந்தவரை அவளைத் தடுத்துப் பார்த்தேன். இரண்டு மாதமாக வகுப்பில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்த பிள்ளையை எவ்வளவு நேரம் தடுக்க முடியும்? மாறிவிட்டாள். இப்போது பிளஸ் டூ வணிகவியலில் நன்றாகவே படிக்கிறாள். ஆனால் பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கு அவளால் இனி விண்ணப்பிக்க முடியாது. என்னுடைய 100 விழுக்காட்டுக்குள் அவளும் ஒருத்தி.

அடுத்த மாதம் காலாண்டுத் தேர்வு. அந்த விடைத்தாள்களை நான் இரண்டு முறை திருத்தினேன். முதல் முறை வழக்கம் போல மதிப்பெண் போட. இரண்டாம் முறை, ஒவ்வொரு பிள்ளையும் எந்த வினாவை விட்டது என்று ஒரு நோட்டில் குறிக்க. இடப்பக்கம் பெயர்கள், மேலே வினா எண்கள், விட்ட இடத்தில் ஒரு வட்டம். முடித்துவிட்டுப் பார்த்தால் வட்டங்கள் அங்கும் இங்கும் சிதறி இருக்கவில்லை. இயற்பியல் கணக்கு, வேதியியல் கணக்கு இருந்த கட்டங்களில் மேலிருந்து கீழ் வரை வட்டம். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் வட்டம், மெல்லக் கற்கிற பிள்ளைக்கும் வட்டம். வகுப்பே சேர்ந்து ஓர் இடத்தை விடுகிறது என்றால் அது பிள்ளையின் குறையாக இருக்காது. அவை நான் நடத்தாத இடங்கள். நடத்தாததற்குக் காரணம் நேரமின்மை என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், தாவரவியல் படித்த எனக்கு அந்தக் கணக்குகளில் பயம். என் பயத்தைத்தான் பிள்ளைகள் ‘சாய்ஸில்’ விட்டிருந்தார்கள்.

மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் முதுகலை ஆசிரியர் ஒருவரிடம் நான்கு சனிக்கிழமை போய்க் கற்றுக்கொண்டேன். நாற்பது வயதுக்கு மேல் நோட்டும் பேனாவுமாகப் போக முதலில் கூச்சமாக இருந்தது. அவர் ஓர் அளவு ஜாடியில் 18 மில்லி தண்ணீர் ஊற்றி, “இதுதான் டீச்சர் ஒரு மோல் தண்ணீர்” என்றார். 18 மில்லி, 18 கிராம், ஒரு மோல். 36 என்றால் இரண்டு மோல். 9 என்றால் அரை மோல். அடுத்த திங்கட்கிழமை என் வகுப்பிலும் அதையே செய்தேன். டஜன் என்றால் 12 என்பது போல மோல் என்றால் 6.022 × 10²³ என்று நான் அதற்கு முன்பும் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஜாடியைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

விட்ட கணக்குகளைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மீண்டும் போட வைத்தபோது இன்னொன்று தெரிந்தது. ‘விசை 6 நியூட்டன், நிறை 0.5 கிலோகிராம், முடுக்கம் எவ்வளவு?’ சூத்திரம் எல்லாருக்கும் தெரிகிறது. F = ma என்று எழுதுகிறார்கள். சிலர் அதோடு நின்றுவிடுகிறார்கள்; a = F/m என்று மாற்றத் தெரியவில்லை. மாற்றியவர்களிலும் பலர் விடை 3 என்று எழுதினார்கள். 6ஐ 0.5ஆல் வகுத்தால் 12 வரும், வகுத்தால் எண் பெரிதாகும் என்பதை அவர்கள் மனம் ஏற்கவில்லை. இது இயற்பியல் பிரச்சினையே இல்லை. “ஆறு படி அரிசியை அரைப்படியால் அளந்தால் எத்தனை தடவை அளப்பீங்க?” என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து “பன்னிரண்டு” என்று பதில் வந்தது. அதன்பிறகு வாரத்தில் இரண்டு நாள் வகுப்பின் முதல் பத்து நிமிடம் தசமம், அடுக்கு, அலகு மாற்றம் இவற்றுக்கு என்று ஒதுக்கினேன். கணித ஆசிரியரும் கைகொடுத்தார்.

செய்முறையையும் பாடத்தோடு சேர்த்தேன். ஒளியியல் நடத்தும் வாரத்திலேயே குவிலென்சைக் கையில் கொடுத்தேன். சன்னலுக்கு வெளியே இருக்கும் வேப்பமரம் வெள்ளைத்தாளில் தலைகீழாக விழுந்ததும் வகுப்பே எழுந்து வந்துவிட்டது. லென்சுக்கும் தாளுக்கும் இடையே அளவுகோலை வைத்தால் குவியத்தொலைவு. அதற்கு ஆன நேரம் ஒரு பாடவேளை. மெய்பிம்பம் தலைகீழானது என்பதை அதற்குப் பிறகு யாரும் மனப்பாடம் செய்யவில்லை.

முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2025இல் எங்கள் பள்ளி அறிவியலில் 100 விழுக்காடு இல்லை. ஒருவர் தவறிவிட்டார். துணைத் தேர்வுக்கு அவரை நாங்களே தயார் செய்தோம், தேறிவிட்டார். ஆனால் மீளாய்வுக் கூட்டத்தில் இம்முறை நான் எழுந்து விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நோட்டைக் கொண்டு போயிருந்தேன். காலாண்டுத் தேர்வின் பக்கத்தையும் கடைசித் திருப்புதல் தேர்வின் பக்கத்தையும் காட்டினேன். வட்டங்கள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. அலுவலர் இரண்டையும் பொறுமையாகப் பார்த்தார். “இதை மற்றவங்களும் பார்க்கட்டும்” என்றார். இன்று நான் இங்கே நிற்பது அதனால்தான்.

உங்களிடம் மூன்று விண்ணப்பங்கள்.

ஒன்று. வரும் தேர்வில் மதிப்பெண் பட்டியலோடு, விட்ட வினாக்களின் பட்டியலும் போடுங்கள். ஒரு வகுப்புக்கு ஒரு மாலை நேரம் போதும். வகுப்பே விட்ட வினா எது என்று பாருங்கள். அது நாம் மீண்டும் நடத்த வேண்டிய பாடம்.

இரண்டு. கணக்கை விடலாம் என்ற யோசனையை, தேர்ச்சிக்கே போராடும் பிள்ளைக்கு மட்டும், அதுவும் கடைசி மாதத்தில் மட்டும் சொல்லுங்கள். ஜூன் மாதத்திலேயே வகுப்பு முழுவதற்கும் சொல்லாதீர்கள். 2025-26 கல்வியாண்டிலிருந்து பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. பிள்ளைகளின் சுமை குறைவது நல்லதுதான். ஆனால் பத்தில் விட்ட அடிப்படை, பன்னிரண்டு வரை யார் கண்ணிலும் படாமல் போகவும் வாய்ப்பு உண்டு.

மூன்று. நமக்குத் தெரியாததைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்போம். இயற்பியல் படித்தவருக்கு மலரின் பாகங்களில் தடுமாற்றம் இருக்கலாம். எனக்கு மோலில் இருந்தது. இந்த அறையிலேயே நான்கு பாடம் படித்தவர்களும் இருக்கிறோம். மதிய உணவு இடைவேளையில் தொலைபேசி எண்ணை மாற்றிக்கொள்வோம். நான் மலரையும் வேரையும் சொல்லித் தருகிறேன். எனக்கு யாராவது அணுக்கரு இயற்பியலைச் சொல்லித் தாருங்கள். அந்தக் கட்டத்தில் என் வகுப்புக்கு இன்னும் வட்டங்கள் இருக்கின்றன.