சித்தப்பாவுக்கு ஒரு ஃபில்டர்

போன வருஷம் சித்தப்பாவுக்குக் குடல்ல ஓட்டை விழுந்து அவசரமா ஆபரேஷன் பண்ணாங்க. அன்னைக்கு ராத்திரியே பிபி இறங்கிடுச்சு. செப்டிக் ஷாக். ஐசியூ டாக்டர் கூப்பிட்டு, "ரத்தத்தைச் சுத்தம் பண்ற ஒரு ஃபில்டர் இருக்கு. லட்சத்துக்கு மேல ஆகும், கேரண்டி கிடையாது. யோசிச்சுச் சொல்லுங்க"ன்னார். சித்தி என்னைப் பார்த்தாங்க. வீட்ல படிச்சவன் நான்தானாம். நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ்!

காரிடார்ல உட்கார்ந்து ஃபோன்ல தேடினேன். ஐடியா அவ்ளோ லாஜிக்கா இருக்கு. குடல் பாக்டீரியா பலதோட வெளிச்சுவர்ல எண்டோடாக்சின்னு ஒரு விஷம் இருக்கு. அது ரத்தத்துல கலந்தா உடம்போட எதிர்ப்புச் சக்தி தறிகெட்டு ஓடும். பாலிமிக்ஸின் பி-ங்கிற ஆன்டிபயாடிக் அந்த விஷத்தை இறுக்கிப் பிடிச்சுக்கும். ஆனா ஊசியா போட்டா கிட்னியைப் பாதிக்கலாம். அதனால ஜப்பான்ல மருந்தை நார்ல ஒட்டவெச்சு, டயாலிசிஸ் மாதிரி ரத்தத்தை வெளியே எடுத்து, அது வழியா ரெண்டு மணி நேரம் ஓட்டுறாங்க. 1994-லேருந்தே அங்க இது இருக்கு.

2009-ல வந்த ஒரு இத்தாலி ட்ரயல். எல்லாருமே சித்தப்பா மாதிரி அவசர வயித்து ஆபரேஷன் ஆனவங்க, 64 பேர். 28 நாள்ல இறந்தவங்க ஃபில்டர் போட்ட பக்கம் 32 சதவீதம், போடாத பக்கம் 53. "கையெழுத்து போட்டுடலாம் சித்தி"ன்னு எழுந்தே நின்னுட்டேன்.

அப்புறம்தான் கீழ ஸ்க்ரோல் பண்ணேன். அந்த ட்ரயலைப் பாதியிலயே நிறுத்தியிருக்காங்க. 2015-ல வந்த பிரான்ஸ் ட்ரயல், குடல் ஓட்டை கேஸ்தான்: ஃபில்டர் போட்ட பக்கம் சாவு கொஞ்சம் கூடவே இருந்தது, தற்செயலா இருக்கலாம்ங்கிற அளவுக்கு. 2018-ல அமெரிக்கா, கனடாவுல 450 பேர். பாதிப் பேருக்குச் சும்மா போலி மெஷினை ஓட்டிப் பார்த்திருக்காங்க. 38-க்கு 35. பலன்னு சொல்ல ஒண்ணுமில்ல.

டாக்டர்கிட்ட போய், "இது வேணாம்னா வேற ஏதாவது நிக்குமா சார்?"னு கேட்டேன். "எதுவும் நிக்காதுப்பா. வயித்தைக் கழுவியாச்சு, ஆன்டிபயாடிக் ஓடுது, நார்அட்ரினலின் ஓடுது. அதெல்லாம்தான் மெயின்"னார்.

வேணாம்னு சொன்னேன்.

அடுத்த ஒன்பது நாள் வென்டிலேட்டர். பிபி இறங்கும்போதெல்லாம் அந்த இத்தாலி பேப்பரைத் திறந்து 53-ங்கிற நம்பரையே பார்த்துட்டிருப்பேன்.

சித்தப்பா வீட்டுக்கு வந்துட்டார். அதனால நான் சொன்னது சரின்னு ஆகிடாது. ஒரே சித்தப்பாவை வெச்சு ஏ/பி டெஸ்ட் பண்ண முடியாதே. ஃபில்டர் விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது. இந்த எபிசோடைக் கேட்டார்னா தெரிஞ்சுடும்.