அறுத்த வலைக்கு யார் பொறுப்பு?



கடல்வளப் பாதுகாப்பு பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். அத்தனை கடலையும் ஒரு மாலையில் பேசி முடிக்க இயலாது. பாக் விரிகுடாவையும் அங்கே மேயும் கடற்பசுவையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நம் கரையோரத்தில் ஆவுளியா என்றும் இதைச் சொல்வார்கள். 3 மீட்டர் வரை வளரும் பாலூட்டி. உணவு கடற்புல். பாசி வேறு, கடற்புல் வேறு. கடற்புல் வேரூன்றிப் பூக்கும் செடி. கடற்பசு இதை வேரோடு பறித்துத் தின்னும். மேய்ந்த இடத்தில் புல்லுக்கு நடுவே வெறும் மணல் நீளத் தடமாகத் தெரியும். முங்குகிறவர்கள் அந்தத் தடத்தைக் கண்டே கடற்பசு வந்துபோனதைச் சொல்லிவிடுவார்கள். அதே புல்லுக்குள்தான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. புல் அழிந்தால் கடற்பசுவுக்கு முன்பே மீனவர் வீட்டு அடுப்பு அணைந்துவிடும்.

2022 செப்டம்பர் 21 அன்று தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. இத்தகைய பாதுகாப்பகத்துக்கான காட்டுயிர்ச் சட்டப் பிரிவு, உள்ளூர் மக்களைக் கலந்துபேசிய பிறகே அறிவிக்க வேண்டும் என்கிறது. மீனவரை வெளியேற்றிவிட்டுக் கடலைக் காக்கும் வழியை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அதனால் இந்த வழி எனக்கு உகந்தது.

ஆனால் கடற்பசுவைக் காப்பது அரசாணைத் தாள் மட்டுமல்ல. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். வலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். தாய் ஒரு கன்று ஈன்றால் அடுத்ததற்குக் குறைந்தது மூன்று ஆண்டாகும், ஏழும் ஆகலாம். ஒரு தாய் போனால் அந்த இழப்பு எளிதில் ஈடாகாது. படகில் நிற்பவர் கத்தியை எடுத்து வலையை அறுக்கிறாரா இல்லையா என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. நம் மீனவர்கள் அறுத்திருக்கிறார்கள். கடன் வாங்கி வாங்கிய வலையை அறுத்து விட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வெகுமதியும் பாராட்டும் கிடைத்ததுண்டு. மகிழ்ச்சிதான். மேடையில் போர்த்தும் பொன்னாடையால் வலை பின்ன முடியாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

புல்லை மீட்கும் வேலையும் நடக்கிறது. மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, அதில் புல்நாற்றுகளைச் செருகிக் கடலடியில் இறக்குகிறார்கள். வேர் பிடித்த பின் மூங்கிலும் கயிறும் மக்கிவிடும். நெகிழி எதுவும் கடலில் தங்காது. இப்படி நட்ட இடத்தை விசைப்படகு இழுக்கும் இழுவைமடியின் பலகை ஒரே இரவில் உழுதுவிடக்கூடும். கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக்கூடாது என்ற விதி 1983ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. அதைக் காவல் செய்ய நாட்டுப்படகுக்காரர்களையே சம்பளத்துக்கு அமர்த்தலாம். எந்தப் படகு எப்போது உள்ளே வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

என் வேண்டுகோள் இரண்டு. கடற்பசுவை விடுவிக்க வலை அறுத்தவருக்கு, அந்த வலையின் முழு விலை ஒரு வாரத்துக்குள் கைக்கு வர வேண்டும். பாதுகாப்பகம் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் மீனவப் பெண்களுக்கும் நாற்காலி வேண்டும். மீன் குறைவதை ஏலக்கூடத்தில் முதலில் காண்பவர்கள் அவர்களே.