எச்சமும் முற்றும்



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நடுநிலைப் பள்ளி இலக்கணத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நம் கவிதைகளை நாளை படிக்கப் போகிறவர்கள் இன்று ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய கவலையே என்னை இம்மேடையில் நிறுத்தியிருக்கிறது.

நம் நாடுகாணி வழிகள் கூடும் ஊர். ஒரு சாலை கூடலூருக்கும், ஒன்று தேவாலா, பந்தலூருக்கும், மற்றொன்று மலையிறங்கி வழிக்கடவு, நிலம்பூருக்கும் செல்கின்றன. மொழிகளும் இவ்வாறே இங்குக் கூடுகின்றன. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கையால் தாயகம் திரும்பியோரின் மலையகத் தமிழ், மலையாளம், பணியர் மொழி ஆகியவற்றை வீட்டில் பேசும் பிள்ளைகள் ஒரே பலகையில் அமர்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரப் பள்ளியொன்றில் ஏழாம் வகுப்புக் கட்டுரை ஏடுகளைப் பார்த்தேன். மலையாளம் பேசும் வீட்டுச் சிறுமி ஒருத்தி, 'மாமன் ஊரிலிருந்து வந்து' என்றெழுதி முற்றுப்புள்ளி வைத்திருந்தாள். 'வாக்கியம் முடியவில்லை' என்று சிவப்பு மை சொன்னது. அவளோ என்னிடம் மெல்ல, "மாமன் வந்நு டீச்சர், வீட்டில் உண்டு" என்றாள். அதன்பின் அன்று அவள் வாய் திறக்கவில்லை.

அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. மலையாளத்தில் அவன் வந்தாலும் அவள் வந்தாலும் வினைமுற்று ஒரே வடிவந்தான். பால், எண், இடம் காட்டும் விகுதி இல்லை. தமிழில் 'வந்து' என்பதோ வினையெச்சம். அது ஒரு முற்றை எதிர்நோக்கி நிற்கும். அச்சிறுமியின் பிழை அறியாமையன்று. மற்றொரு மொழியின் ஒழுங்கு. அதை ஆசிரியர் உணர்ந்தால் அந்தப் பிழையே அன்றைய பாடமாகிவிடும்.

வகுப்பை இரு வரிசையாக நிறுத்துங்கள். ஒரு பிள்ளை 'மேகம் இறங்கி' என எச்சம் சொல்லட்டும். எதிர்வரிசைப் பிள்ளை 'சாலையை மூடியது' என முடிக்கட்டும். 'வந்து' என்றால் 'வந்து நின்றான், நின்றாள், நின்றார், நின்றது' என விகுதிகள் மாறட்டும். நாவு பழகிய பின்னர் எச்சம், முற்று என்னும் பெயர்களைச் சொல்லுங்கள். வலிமிகுதலுக்கும் தொலைவு போக வேண்டா. தேயிலைச் செடி, தேயிலைத் தோட்டம், கொழுந்துக் கூடை என்பவை அவர்கள் அன்றாடம் காண்பவை. 'தேயிலை பறித்தாள்' என்பதில் மிகாத வல்லினம், ஐ உருபு வெளிப்பட்டதும் 'தேயிலையைப் பறித்தாள்' என மிகுகிறது. ஒரே செடியில் இரு விதிகள்! மழை, வழி, கோழி என்று ஒலிக்கச் சொன்னால் மலையாளம் பேசும் பிள்ளைக்கு ழகரம் இயல்பாக வரும். ளகரமாக்கும் நம் பிள்ளைகளுக்கு அங்கே அவனே ஆசிரியன்.

பவணந்தியார் நன்னூலில் எழுத்துக்கு முன்பே பாயிரத்தில் ஆசிரியர், மாணாக்கர் இயல்பைப் பேசுகிறார். சொன்னதையே சொல்லும் கிளியை இடைமாணாக்கனுக்கே உவமையாக்குகிறார். விதியை ஒப்பிக்க வைத்து மதிப்பெண் தரும் நாமோ கிளிகளுக்கே முதலிடம் தருகிறோம். ஒப்பிக்க இயலாத பிள்ளை, தமிழ் தனக்குரியதன்று என்று ஒதுங்கிவிடுகிறது. அந்த ஒதுக்கமே என்னை வருத்துவது.

வட்டத்தின் அன்பர்களை ஒன்று வேண்டுகிறேன். பதினோராம் ஆண்டில், மாதம் ஒரு பிற்பகல் அருகிலுள்ள நடுநிலைப் பள்ளிக்குச் செல்வோம். நம் கவிதைகளைப் படித்துக் காட்டுவதற்காக அன்று. பிள்ளைகள் பேசுவதைக் கேட்பதற்காக. எச்சமாய் நிற்கும் அவர்கள் வாக்கியங்களை அவர்களே முடிக்கும்வரை உடனிருப்போம்.