நத்தார் காலத்தில் வெளியே போவோம், கடன்படாமல்

(எமது டிசம்பர் மாத ஒன்றுகூடலில் தொண்டர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளியே வீதியெல்லாம் லைற் போட்டிருக்கிறார்கள். நத்தார் வந்துவிட்டது. இந்தக் காலத்தில் எங்கட சனம் இரண்டு விதமாக நடந்துகொள்வதைக் காண்கிறேன். ஒரு பகுதி, கையில் இல்லாத காசைச் செலவழிக்கிறது. மற்றப் பகுதி, "எங்களுக்கு என்ன நத்தார், முதல்ல கேஸ் முடியட்டும்" என்று அறைக் கதவைப் பூட்டிவிட்டு இரண்டு கிழமையும் உள்ளேயே கிடக்கிறது. இரண்டும் வேண்டாம் என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

முதலில் வெளியே போவதைப் பற்றிப் பேசுவோம். "தஞ்சம் கேட்டிருக்கிற நாங்கள் ஊர் சுற்றினால் கேஸுக்குப் பாதிப்பு வராதோ?" என்று பலர் கேட்கிறீர்கள். பகலில் ஒரு நூதனசாலைக்குப் போய் வருவதால் யாருடைய கேஸும் பழுதாகாது. உங்கள் கடிதத்தில் கையொப்பம் இடும் நாள், இரவில் தங்கவேண்டிய முகவரி என்று ஏதாவது நிபந்தனை இருந்தால் அதை மட்டும் சரியாகக் கடைப்பிடியுங்கள். சொந்தக்காரர் வீட்டில் சில இரவுகள் தங்க நினைத்தால், போகமுதல் எங்களைக் கேளுங்கள். சொல்லாமல் பல நாள் அறையை விட்டு இருந்தால் உதவித்தொகையை நிறுத்தக்கூடும்.

வாசலில் நிற்கும் சீருடைக்காரரைப் பற்றியும் சொல்லவேண்டும். சோதனைச்சாவடிகளில் வரிசையில் நின்று பழகிய எங்களுக்குச் சீருடையைக் கண்டாலே நெஞ்சு அடிக்கும். நூதனசாலை வாசலில் நிற்பவர்கள் பொலிஸ் அல்ல. பையைத் திறந்து காட்டச் சொல்லுவார்கள், காட்டினால் அவ்வளவுதான். வீசாவோ அடையாள அட்டையோ கேட்கமாட்டார்கள்.

எங்கே போகலாம்? லண்டனில் உள்ள பெரிய தேசிய நூதனசாலைகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. முன்பு காசு வாங்கிய இடங்களும் 2001 டிசம்பரில் இருந்து இலவசம். விசேட கண்காட்சிகளுக்கு மட்டும் ரிக்கெற் வேண்டும். வாசலில் நன்கொடைப் பெட்டி இருக்கும், போடவேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெட்கப்படாமல் கடந்து போங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் சவுத் கென்சிங்ரன் ஸ்டேஷனில் இறங்குங்கள். இயற்கை வரலாற்று நூதனசாலை, விஞ்ஞான நூதனசாலை, விக்ரோறியா அல்பேர்ட் நூதனசாலை மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. முதலாவதில் 25 மீற்றர் நீளமான நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு மண்டபத்துக் கூரையில் தொங்குகிறது. திருகோணமலைக் கடலில் இந்த மீன் ஓடுவதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, இது மீன் இல்லை, பால் கொடுக்கும் மிருகம் என்றும் திருத்துங்கள். (வாத்தியார் புத்தி விடாது!) பள்ளி விடுமுறையில் கூட்டம் கூட. இலவச நேரச் சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்தால் நல்லது. எடுக்கத் தெரியாவிட்டால் இங்கே வாருங்கள், நாங்கள் எடுத்துத் தருகிறோம்.

பெரியவர்கள் பிரித்தானிய நூதனசாலைக்குப் போய் 33ஆம் இலக்கக் கூடத்தைப் பாருங்கள். அங்கே பொன் பூசிய வெண்கலத் தாரா தேவி நிற்கிறா. ஏறக்குறைய ஓர் ஆளின் உயரம். 8ஆம் நூற்றாண்டுச் சிலை, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையில் கிடைத்தது. கண்டி பிடிபட்ட 1815இல் ஆளுநராக இருந்த ரொபேர்ட் பிரவுண்றிக் அதை 1830இல் நூதனசாலைக்குக் கொடுத்தார். அதே கூடத்தில் சோழர் காலத்து நடராசரும் இருக்கிறார். எங்கட பக்கத்துப் பொருள் எப்படி இங்கே வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும், கேட்கவேண்டிய கேள்விதான்.

பின்னேரத்தில் லைற் பார்க்க விரும்பினால் ஒக்ஸ்போர்ட் வீதி, றீஜன்ற் வீதி, கொவென்ற் கார்டன் ஆகிய இடங்களில் நடந்து பார்க்கலாம். பெரிய கடைகளின் கண்ணாடி அலங்காரங்களை வெளியே நின்று பார்க்கக் காசு இல்லை. ட்ரபல்கர் சதுக்கத்து நத்தார் மரத்தைக் கட்டாயம் பாருங்கள். 1947இல் இருந்து வருடா வருடம் நோர்வேயின் ஒஸ்லோ நகர மக்கள் அனுப்பும் மரம் அது. 1940இல் ஜெர்மன் படை நாட்டைப் பிடித்தபோது நோர்வே மன்னரும் அரசாங்கமும் லண்டனில் வந்து தஞ்சம் இருந்தார்கள். போர் முடிந்து ஊர் திரும்பியவர்களின் நன்றிதான் இந்த மரம். "அகதி" என்ற சொல்லுக்கு நீங்கள் கூச்சப்படுகிறபோது, ஒரு மன்னரும் இதே நகரத்தில் அகதியாக இருந்தவர் என்பதை நினையுங்கள். மரத்தடியில் நத்தார் பாட்டுப் பாடுவார்கள், நின்று கேட்க இலவசம். குளிர்ந்தால் சதுக்கத்தின் வடக்குப் பக்கம் தேசிய ஓவியக்கூடம் இருக்கிறது. உள்ளே சூடு, உட்கார இடம், கழிவறை எல்லாம் உண்டு.

ஹைட் பார்க்கில் நடக்கும் பெரிய நத்தார் களியாட்டத்துக்குப் போகமுதல் யோசியுங்கள். உள்ளே ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனித்தனியாகக் காசு. இரண்டு பிள்ளைகளோடு போனால் ஒரு மணித்தியாலத்தில் ஒரு கிழமைச் சாப்பாட்டுக் காசு போய்விடும். வருடப் பிறப்பு இரவு தேம்ஸ் கரையில் வாணவேடிக்கை பார்க்க 2014இல் இருந்து ரிக்கெற் வேண்டும். இல்லாமல் போய் வீதித் தடையில் நின்று குளிரில் திரும்பாதீர்கள், ரீவியில் பாருங்கள்.

இனிப் போக்குவரத்து. டிசம்பர் 25ஆம் திகதி லண்டனில் பஸ்ஸும் இல்லை, ரியூப்பும் இல்லை. இது தெரியாமல் கைக்குழந்தையோடு பஸ் தரிப்பிடத்தில் நின்றவர்கள் இருக்கிறார்கள். 26ஆம் திகதி சேவை குறைவு. நூதனசாலைகளும் பெரும்பாலும் 24, 25, 26 மூன்று நாளும் பூட்டு. ஆகவே 23க்கு முன்னர் அல்லது 27க்குப் பிறகு போவதுதான் புத்தி. பஸ்ஸில் கைக்காசு வாங்கமாட்டார்கள், ஒயிஸ்ரர் கார்டில் முதலே காசு போட்டு வைத்திருங்கள். 2025இல் பஸ் கட்டணம் 1.75 பவுண். முதல் பஸ்ஸில் கார்டைத் தொட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் அதே கார்டால் அடுத்த பஸ்களில் ஏறினால் மேலதிகக் கட்டணம் இல்லை. 11 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு பஸ் இலவசம். 11 முதல் 15 வரை உள்ளவர்கள் படம் ஒட்டிய சிப் கார்ட் எடுத்தால் பஸ் இலவசம். கார்டைத் தொடாமல் ரயிலில் ஏறவேண்டாம். பிடிபட்டால் 100 பவுண் தண்டம்.

அடுத்தது கடை. சமைத்துச் சாப்பிடும் வீடுகளில் இருப்பவர்களுக்கு 2024இல் கிழமைக்கு ஆளுக்கு 49.18 பவுண் கொடுத்தார்கள். சாப்பாடு தரும் ஹோட்டலில் இருப்பவர்களுக்கு 8.86 பவுண். இந்தக் காசில் நத்தார் எப்படிச் செய்யிறது? சில வழிகள் உண்டு.

நத்தாருக்கு முந்திய நாட்களில் பெரிய சுப்பர்மார்க்கெற்றுகள் கரட், உருளைக்கிழங்கு போன்ற மரக்கறிகளைப் போட்டிக்குச் சில பென்ஸுக்கு விற்பார்கள். பின்னேரத்தில் போனால் மஞ்சள் ஸ்ரிக்கர் ஒட்டிய பாண், இறைச்சி மலிவு. அரிசி, தூள், தேங்காய்ப்பூவுக்கு ஈஸ்ட்ஹாம், ரூட்டிங், வெம்பிளி கடைகளில் விலையை ஒப்பிட்டு வாங்குங்கள். விளையாட்டுச் சாமானும் புத்தகமும் தொண்டுக் கடைகளில் நல்ல நிலையில் கிடைக்கும். குளிர்ச் சட்டை, சப்பாத்து வாங்க 26ஆம் திகதி வரை பொறுங்கள், அன்றைக்குத்தான் மலிவு விற்பனை தொடங்கும். 25ஆம் திகதி பெரிய கடை திறக்கச் சட்டம் இடம் கொடுக்காது. பால், பிள்ளைகளின் மருந்து எல்லாம் 24க்கு முன் வாங்கி வையுங்கள்.

பற்றுச்சீட்டை எறியாதீர்கள். வாங்கிய சாமான் பழுது என்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் கேட்க 2015ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. வீசா எது என்றெல்லாம் அதில் பேச்சில்லை. ஆனால் நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்றால் கடைக்காரர் மாற்றித் தரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அது கடையின் விருப்பம், வாங்கமுதல் கேளுங்கள். இணையத்தில் வாங்கினால் பெரும்பாலான சாமான்களைக் கையில் கிடைத்து 14 நாட்களுக்குள் வேண்டாம் என்று அறிவிக்கலாம். "உங்கள் பார்சல் வந்திருக்கிறது, காசு கட்டுங்கள்" என்று தொலைபேசியில் வரும் செய்தியை அழுத்தாதீர்கள். இந்தக் காலத்தில் அப்படி வருபவை பெரும்பாலும் ஏமாற்று.

இனிக் கொஞ்சம் கடுமையாகச் சொல்லப்போகிறேன், கோபிக்கவேண்டாம். பிள்ளைக்கு விலையான ரெலிபோன் வாங்கவென்று வட்டிக்கு விடுகிறவரிடம் போகாதீர்கள். பாஸ்போர்ட்டை, பாங்க் கார்டைப் பிணையாக வைத்துக்கொண்டு காசு கொடுப்பவர் உதவி செய்யவில்லை, சட்டவிரோதமாகக் கழுத்தில் கயிறு போடுகிறார். டிசம்பரில் வாங்கின முந்நூறு பவுணுக்கு ஆனி மாதம் வரைக்கும் வட்டி கட்டுகிறவர்களை நாங்கள் பார்க்கிறோம். ஏற்கனவே மாட்டியிருந்தால் தனியாக வந்து சொல்லுங்கள். கடன் வாங்கியது உங்கள் குற்றம் அல்ல, அனுமதி இல்லாமல் வட்டிக்கு விட்டவர்தான் குற்றவாளி. அதேபோல, "சீசன் வேலை, கைக்காசு, ஒருத்தருக்கும் தெரியாது" என்று யாராவது கூப்பிட்டால், வேலை அனுமதி இல்லாதவர்கள் போகவேண்டாம். நாலு நாள் காசுக்காக நாலு வருடமாகக் காத்திருக்கும் கேஸைப் பணயம் வைக்கிறீர்கள்.

விடுமுறைக்குச் சொலிசிற்றர் கந்தோர் பூட்டினாலும் மேன்முறையீட்டு நாட்கள் ஓடிக்கொண்டே இருக்கும், வழக்கமாக 14 நாட்கள்தான். வீட்டுக்கு வரும் கடிதத்தை அன்றைக்கே உடையுங்கள்.

"இதெல்லாம் பிள்ளைக்குப் போதுமோ?" என்று ஒரு தாய் கேட்டா. பள்ளிக்கூடத்தில் பல வருடம் படிப்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன். ஜனவரியில் வகுப்பு தொடங்கினதும் ரீச்சர் கேட்கிற முதல் கேள்வி, "விடுமுறையில் என்ன செய்தீர்கள்?" என்பதுதான். "என்ன வாங்கினீர்கள்?" என்று நல்ல ரீச்சர் கேட்கமாட்டா. அப்போது ஒன்றும் சொல்ல இல்லாமல் குனிந்திருக்கிற பிள்ளையின் முகம் எனக்குத் தெரியும். திமிங்கிலம் பார்த்தேன், பஸ்ஸின் மேல்தட்டில் முன்சீற்றில் இருந்து லைற் பார்த்தேன் என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு இரண்டு பஸ் கட்டணம் போதும், அதுவும் உங்களுடையது மட்டும்.

தனியாக இருக்கும் தம்பிமாருக்கும் ஒரு சொல். வீட்டை நினைத்து மனம் கனக்கிற நாட்கள் இவை. 24, 25இல் ஒருவரையொருவர் தொலைபேசியில் கூப்பிடுங்கள், ஒரு அறையில் கூடிச் சமையுங்கள். 28ஆம் திகதி காலை 10 மணிக்கு நாங்கள் கூட்டமாக பிரித்தானிய நூதனசாலைக்குப் போகிறோம். வழி தெரியாதவர்கள் பெயரைப் பதிந்து, எங்கள் வாசலுக்கு வாருங்கள். இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வருகிறேன்.